முற்றத்துப் பக்கம் திறக்கும் கதவு

கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் இருப்பது டெரஸ் வீடு. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கூரை, ஒரே நிறச் செங்கல், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பொதுச்சுவர். எங்கள் குசினிக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை இருக்கிறது. உள்ளேயிருந்து அதற்குப் போக வழியில்லை. கதவு முற்றத்துப் பக்கம் திறக்கும். மண்வெட்டியும் பழைய பெயின்ட் டின்களும் அங்கே கிடந்தன. குசினியைப் பெருப்பிக்க அதை இடிக்கலாம் என்று கட்டட வேலைக்காரர் சொன்ன கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தா. ஒருமுறை எட்டிப் பார்த்தா.

“இது கக்கூசெல்லே பிள்ளை! எங்கட வளவிலயும் வெளியிலதானே இருந்தது.”

பக்கத்து வீடுகளிலும் அதே இடத்தில் அதே அறை. யார் சொல்லி இப்படிக் கட்டினார்கள்? அந்தக் கேள்வியோடு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் வீடு கட்டுபவர் வரைபடத்தை உள்ளூராட்சிச் சபையிடம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும். எங்கள் தெருவின் வரைபடம் 1898இல் கொடுக்கப்பட்டது. விரித்துப் பார்த்தால் ஒரேயொரு வீடுதான் வரைந்திருந்தது. அதைப் பார்த்தே வரிசை முழுவதையும் எழுப்பியிருக்கிறார்கள். செங்கற் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு மை. முகப்பில் நான் ஆசையோடு பார்க்கும் பே ஜன்னல் நாலு கோட்டில் முடிந்துவிட்டது. பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து மட்டும் ஒரு நீலக்கோடு வெகு கவனமாகத் தெருவரைக்கும் போனது. அது கழிவுநீர்க் குழாய்.

அந்தக் கோட்டை வரைய வைத்தது கொலரா. 1831இல் இங்கிலாந்துக்கு வந்த அந்த நோய் திரும்பத் திரும்ப வந்தது. பேர்மிங்ஹாம், லீட்ஸ் போன்ற ஊர்களில் தொழிலாளர் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. பின்கதவும் இல்லை, பின்ஜன்னலும் இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. 1854இல் சோஹோவில் கொலரா பரவியது ஒரு தண்ணீர்ப் பம்பிலிருந்து என்று மருத்துவர் ஜோன் ஸ்நோ காட்டினார். 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே ஏறிய பிறகுதான், ஜோசப் பசல்கெட்டின் பெருங்கால்வாய்த் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. 1866இல் கொலரா கடைசியாக லண்டனைத் தாக்கியபோது, கால்வாய் வேலை முடியாதிருந்த கிழக்குப் பகுதியில்தான் சாவு அதிகம்.

1875இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1877இல் அதற்கான மாதிரி விதிகள் வந்தன. புதிய வண்டித்தெரு 36 அடி அகலமாவது இருக்கவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் 150 சதுர அடியாவது திறந்த வெளி வேண்டும். பல ஊர்ச் சபைகள் இவற்றைப் பின்பற்றித் தங்கள் விதிகளை எழுதின.

அன்று பின்னேரம் நாடாவின் ஒரு நுனியை மகனிடம் கொடுத்து, எங்கள் மதிலிலிருந்து எதிர்வீட்டு மதில்வரை அளந்தேன். 36 அடி, நாலு அங்குலம்.

இந்தத் தெருக்களை ஒரே அச்சு என்று நான் அலுத்துக்கொண்டதுண்டு. 1870இல் தொடங்கிய பெக்டன் வாயு ஆலையிலும், 1880இல் திறந்த றோயல் அல்பர்ட் துறைமுகத்திலும் உழைத்தவர்களுக்கு, அந்த ஒரே அச்சு என்பது வீட்டுக்கு வீடு குறையாத வெளிச்சம், குறையாத காற்று, தங்களுக்கென்று ஒரு கழிப்பறை. கேட்டுப் பெற வசதியில்லாதவர்களுக்கும் சட்டம் அதை அளந்து கொடுத்தது.

அறையை இடித்தாலும் குழாயைத் தொடவேண்டாம் என்று வேலைக்காரரிடம் சொன்னேன். அவர் முற்றத்து இரும்பு மூடியைக் கிளப்பினார். அடியில், நீலக்கோடு போன அதே இடத்தில், மண்ணிறத்தில் மினுங்கும் சுட்ட களிமண் குழாய். குசினியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. கொஞ்ச நேரத்தில் அந்தக் கழுநீர் வெள்ளையாக எங்கள் காலடியில் ஓடித் தெருப்பக்கம் போனது.