உட்காரும் இடம்

திருநள்ளாற்றுக்குச் சனி பகவானைத் தரிசிக்கப் போன இடத்தில், ஒரு கள்ளுக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், என்னைத் தெரியாதவர்கள் முகம் சுளிப்பார்கள். தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்கு வயது எழுபது. இத்தனை வருஷத்தில் காப்பி ஒன்றைத் தவிர வேறு எதற்கும் நான் அடிமைப்பட்டதில்லை. கும்பகோணம் பக்கத்துக்காரன். தண்ணீர் கலக்காத பால், முதல் டிகாக்ஷன், பித்தளை டபரா என்று சாஸ்திரோக்தமாகக் காப்பி சாப்பிடுகிற வம்சம். எங்கள் வீட்டில் ‘குடி’ என்ற சொல்லுக்கு வீடு, குடித்தனம் என்ற அர்த்தங்கள்தான் உண்டு. மூன்றாவது அர்த்தம் வாசலோடு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பள்ளித் தோழன். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். திருக்குறளில் 93ஆவது அதிகாரமான கள்ளுண்ணாமையை முப்பது வருஷம் பையன்களுக்கு நடத்தியவன். பத்துக் குறளையும் பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்லுவான். நள தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றி, தரிசனம் முடித்து வெளியே வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னான்.

“டேய், முப்பது வருஷம் புலியைப் பத்திப் பாடம் நடத்தியிருக்கேன். புலியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த ஊர்லே இருக்காம். பார்த்துட்டுப் போயிடலாமே?”

“இப்பத்தானேடா சனி பகவானைப் பார்த்தோம்?”

“அதான் தைரியமாக் கூப்பிடறேன்” என்றான்.

காரைக்கால், காவிரிப் படுகைக்குள்ளேயே இருக்கிற வேறொரு ராஜ்யம். அதே அரசலாற்றுத் தண்ணீர், அதே நெல், அதே பேச்சு. சட்டம் மட்டும் வேறு. 1739இல் தஞ்சாவூர் மராட்டிய ராஜா சாகுஜியிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர். 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்து, புதுச்சேரியின் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இந்த ஊர் அந்த வளையத்துக்குள் சிக்கவில்லை. அதனால், நான் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் ஊரில் ஒருவர் காரைக்காலுக்குப் போயிருக்கிறார் என்றால், போன காரியம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதில் கஷ்டப்பட்டவர்கள் நிஜமாகவே சனி பகவானைப் பார்க்கப் போனவர்கள்தாம்.

ஆட்டோக்காரர் எங்கள் நெற்றியையும் ஈர வேட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொண்டுபோய் விட்டார். சாலையிலிருந்து இறங்கி, தென்னந்தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை. முடிவில் ஒரு கீற்றுக் கொட்டகை. நான் ஏதோ இருட்டும் கூச்சலும் ரத்தமும் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சினிமா பார்த்த பழக்கம். அங்கே இருந்தவை நாலைந்து பலகை பெஞ்சுகள், நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு, ஒரு தட்டில் சுண்டல், ஒரு தட்டில் வறுத்த நெத்திலி, அவித்த முட்டை. பத்துப் பன்னிரண்டு பேர். கொத்தனார் ஒருவர் கையில் சிமெண்டு காயவில்லை. வெளியே ஒரு டி.வி.எஸ். 50 வண்டி, பின்னால் உரச் சாக்கோடு நின்றது.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “அய்யா, குடிக்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?”

“பார்க்க” என்றான் நண்பன், உடனே.

“பாக்கறதுக்குக் காசு இல்லே. உக்காருங்க.”

உட்கார்ந்தோம். வாத்தியார்த் தொழில் விடுமா? கடைக்காரரிடமே பாடம் ஆரம்பித்துவிட்டான். இதே கடற்கரையில் வடக்கே, காவிரி கடலில் கலக்கும் இடத்தில், புகார் என்று ஒரு பெருநகரம் இருந்ததையும், அதன் வீதிகளில் பறந்த கொடிகளில் கள் விற்கும் கடையின் கொடியும் ஒன்று என்று பட்டினப்பாலை சொல்வதையும் விளக்கினான். ஔவையாரும் அதியமானும் சேர்ந்து கள் அருந்திய கதைக்கும் போனான்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ஏலத் தொகை கட்டறதே பெரும்பாடா இருக்கு. இதுலே கொடி வேற கட்டணுமா அய்யா?” என்றார். பெஞ்சுகள் சிரித்தன. நண்பனும் சிரித்தான். அதற்கப்புறம் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் இதமாகத் தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரம் ஏறிச் சீவ வேண்டும். விட்டுவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மரத்தில் தொங்கும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் வெறும் காடி. சாராயச் சத்து நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு பங்குவரை இருக்கும். இதை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்க முடியாது. இறக்கிய ஊரிலேயே, இறக்கிய அன்றே, நாலு பேர் கூடிக் குடித்துத் தீர்க்க வேண்டிய வஸ்து. பானம் ஒரு சாக்கு. அது மனிதர்களை மரத்தடியில் கூட்டிவிடுகிறது என்று தோன்றியது.

நானும் அரைத் தம்ளர் வாங்கினேன். பொய் சொல்லுவானேன்? மூன்று நாள் நீராகாரத்தில் சோடாவை ஊற்றி, தேங்காய் மட்டையால் கலக்கினாற்போல் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. காப்பிக்குப் பழகிய நாக்கு.

அப்போதுதான் அது நடந்தது. டி.வி.எஸ். 50 வண்டிக்குச் சொந்தக்காரர் போலிருக்கிறது, ஒரு கிழவர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், உள்ளே நுழைந்தார். பெஞ்சில் உட்காரப் போனவர் எங்கள் வேட்டியையும் விபூதியையும் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கைக்கு வந்தது. பக்கத்திலிருந்த கொத்தனார் அவர் கையைப் பிடித்து இழுத்தார். “உக்காரு சித்தப்பா. இங்கே என்ன?”

கிழவர் உட்கார்ந்துவிட்டார். நான்தான் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அந்தத் துண்டு இறங்கிய விதம் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி மதுவிலக்கைத் தள்ளி வைத்தார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் ஒரு கள்ளுக்கடை வந்துவிட்டது. எனக்கு அப்போது பதினாறு வயது. தாளடி நடவு சமயம். எங்கள் பண்ணையில் மடை பார்க்கிற ஆள் அன்று மத்தியானத்துக்கு மேல் காணவில்லை. தேடி வா என்று அப்பா என்னை அனுப்பினார். ஆள், அவன் என்றுதான் அப்போது சொன்னேன். என் தாத்தா வயது இருக்கும் அவருக்கு. பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. ரொம்பத் தாமதமாக வருகிறது.

ஆற்று மணலில், பூவரச நிழலில், கலயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் குடித்தது எனக்கு அதிசயமாக இல்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வாசலில் நிற்பார், களத்தில் நிற்பார், வரப்பில் நிற்பார், அப்பா கணக்குச் சொல்லி முடிக்கிறவரையில் நிற்பார். அவருக்கு முழங்கால் மடங்கும் என்பதையே அன்றைக்குத்தான் கண்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். துண்டு இறங்கியது. “இதோ வந்துட்டேன் சின்னய்யா” என்றார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆற்றங்கரையில் காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லுகிற உற்சாகத்தோடு சொன்னேன். அப்பா அந்த வாரக் கூலி நெல்லில் பாதியைப் பிடித்துக்கொண்டார். “இதுகள் உருப்படாது” என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல் சாயங்கால பஸ்ஸில் கும்பகோணத்துக்குக் காப்பி சாப்பிடப் போனார். அவர் தினமும் போகிற கிளப் அது. ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காருவார். நெல் விலை, கோயில் கச்சேரி, ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவரிடம் யாரும் எதையும் பிடித்துக்கொண்டதில்லை. மடைக்காரர் அந்தக் கிளப்பில் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்டிருக்கலாம். நான் பிறந்த 1955ஆம் வருஷமே தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவர் போக மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், காப்பி போடுகிறவருக்கும் தெரியும்.

மறுவாரம் அவர் மனைவி கொல்லைப்புறம் வந்து, அம்மாவிடம் அரிசி கடன் கேட்டாள். கிணற்றடியில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“சின்னய்யா சொன்னது தப்பில்லே. நாலு பேர் கேட்டாத்தான் எங்க ஊட்டு ஆளுக்குப் புத்தி வரும். ஆனா அது குடிச்சப்பவும் எங்க அடுப்புலேதான் கொறஞ்சுது. அய்யா தண்டிச்சப்பவும் எங்க அடுப்புலேதான் கொறஞ்சுது.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். இதுவரை நான் எத்தனையோ கதைகள் எழுதியாகிவிட்டது. அந்தக் கணக்கை எந்தக் கதையிலும் என்னால் நேர் செய்ய முடியவில்லை.

1974 முடிவதற்குள் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மறுபடி மூடப்பட்டன. 1981இல் திறந்தன. 1987 ஜனவரி 1ஆம் தேதி கள்ளும் சாராயமும் மறுபடி தடைக்கு உள்ளாயின. கள்ளுக்கு அந்தத் தடை இன்னும் இருக்கிறது. கலப்படம் செய்வது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அரசாங்கம் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. மரம் ஏறுகிறவர்களும் தோப்புக்காரர்களும் தடையை நீக்கக் கேட்டு வருவதிலும் நியாயம் இருக்கிறது. கள் போயிற்று, குடி போகவில்லை. 1983இல் ஏற்பட்ட டாஸ்மாக், 2003 முதல் பாட்டில் சரக்கைத் தானே கடை வைத்து விற்கிறது. கள்ளச் சாராயமும் ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அதைக் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் கள்ளுக்கடைக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கிணற்றடியில் நின்று அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டவனுக்கு அது முடியாது. வள்ளுவர் பக்கம்தான் நானும். ஆனாலும் ஒரு மனிதனுக்கு நாளில் ஒரு நாழிகை, யாரும் எழுப்பிவிடாமல், காலை நீட்டி உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு அது காப்பி கிளப்பில் கிடைத்தது. அவருக்கு ஆற்று மணலில் கிடைத்தது. அதையும் நான் போய்க் கெடுத்தேன்.

கிளம்பும்போது அந்தக் கிழவர் பக்கம் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. “எந்த ஊருங்க?” என்று கேட்டேன். நன்னிலம் பக்கம் என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். “உட்காருங்க, உட்காருங்க” என்று நான் பதறியதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். நான் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. பேரளம் தாண்டினதும், “கள்ளுண்ணாமையை நான் சரியாத்தான் நடத்தியிருக்கேன். ஆனா குடிக்கிறவன் மூஞ்சியைப் பார்க்காம நடத்திட்டேன்டா” என்றான்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. “தரிசனம் நன்னா ஆச்சா?” என்று கேட்டாள் மனைவி.

“ஆச்சு.”

காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஊஞ்சலில் சாய்ந்து ஆற்றிக்கொண்டே பார்த்தேன். அவள் தன்னுடைய தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நிலைப்படியில் சாய்ந்தபடி குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வருஷமாக அவள் அங்கேதான் நின்று குடிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“இப்படி வந்து உட்காரேன்” என்றேன்.

“அடுப்பிலே பால் இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.