பவர் ஸ்டீயரிங் ஹோஸ்

போன மாதம் ஆளையே காணோமே என்று இரண்டு நண்பர்கள் போனில் விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காருக்கு அடியில் கிடந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் கார் பதினேழு வயதுக்காரி. பதினைந்து முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். மகன் பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறையாவது, "வித்துருங்கப்பா, டாக்ஸியில போய்க்கலாம்" என்பான். சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் என் மாமியார் இருக்கிறார், 91 வயது. ஞாயிற்றுக்கிழமை மகளின் முகத்தைப் பார்க்காவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்து பஸ் படி ஏற முடியாது. டாக்ஸிக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்குள் நாலு முறை ஹாரன் அடிப்பார். கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவள் பாதியில் எழுந்து வர வேண்டியிருக்கும்.

இந்த நிலையில்தான் போர்ட்டிகோவில் சிவப்பாக ஒரு சொட்டு தெரிந்தது. மறுநாள் ஒரு கைக்குட்டை அகலம். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். மூன்றாம் நாள் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. எனக்கு வலது தோளில் பிடிப்பு உண்டு. கேட்டுக்குள் காரைத் திருப்புவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்து பஸ் டிரைவர்கள் வளைவில் சீட்டை விட்டு எழுந்து, உடம்பு முழுவதையும் சாய்த்து ஸ்டீயரிங்கை இழுப்பார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1920-களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் உதவும் ஸ்டீயரிங்கைச் செய்து காட்டிவிட்டார். கடையில் வாங்கும் காரில் அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். நம் கைக்கு எட்ட இன்னும் பல வருடங்கள் ஆயின. இஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன பம்ப் எண்ணெயைத் தள்ளும். ஒரு ஹோஸ் வழியாக அது ஸ்டீயரிங் ரேக்குக்குப் போய் சக்கரத்தைத் திருப்ப உதவும். இன்னொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பும். திரும்பி வரும் ஹோஸில் அழுத்தம் குறைவு, சாதாரண கிளிப் போதும். போகிற ஹோஸ் அப்படியல்ல. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தினால் அதில் ஆயிரம் பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும். நம் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம்தான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல் "ரேக்கே மாத்தணும் சார்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்குப் பாதிக் காரை விற்றுவிடலாம்.

எதிர் வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக். இப்போது எழுபத்தாறு வயது. கை நடுக்கம் வந்து நாலு வருடமாக ஸ்பேனரைத் தொடுவதில்லை. காபி டம்ளரைக்கூட அண்ணிதான் பிடித்துக் கொடுக்கிறார். அவரிடம் வெறுமனே யோசனை கேட்கத்தான் போனேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"ஹோஸைத் துணியால நல்லாத் துடைங்க தம்பி. அப்புறம் இஞ்சினைப் போட்டுட்டுப் பார்க்கலாம்" என்றார். மனைவி ஸ்டீயரிங்கை லேசாக ஒடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தோம். நான் குனிந்ததும் என் தோளைப் பிடித்து இழுத்தார். "கையைக் கொண்டு போகாதீங்க. ஊசி ஓட்டையில வர்ற எண்ணெய் தோலுக்குள்ளயே போயிரும். ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கோணும்." அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு விரலை இழந்தாராம். ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தபோது, இரும்பு முனையும் ரப்பரும் சேரும் இடத்தில் கசிவது தெரிந்தது. ரேக் பக்கம் காய்ந்து கிடந்தது. "ரேக் நல்லாத்தானுங்க இருக்குது. ஹோஸ் மட்டும்தான் போயிருக்குது" என்றார். கூடவே, அந்த எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும், இனி வண்டியை எடுக்கவே கூடாது என்றார்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் கீழே படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது என்பது அவருடைய முதல் உத்தரவு. முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குச் செங்கல். பழைய எண்ணெயைப் பேசினில் இறக்கினோம். பம்ப் பக்கத்து நட் துருவேறி அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் இளகியது. ஹோஸ் எப்படி வளைந்து போகிறது என்று கழற்றும் முன்பே போனில் போட்டோ எடுக்கச் சொன்னார். டெப்போவில் அந்தக் காலத்தில் சாக்பீஸால் கோடு போடுவார்களாம்.

கணபதி பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. போர்வெல் வண்டிக்கும் ஜே.சி.பி.க்கும் போடுகிற அதே கடை. நம் பழைய முனைகளை வைத்துக்கொண்டு, கம்பிப் பின்னல் உள்ள புது ஹோஸை மெஷினில் கிரிம்ப் செய்து கொடுத்தார்கள். அரை மணி நேர வேலை, 1,400 ரூபாய். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: அழுத்தம் போகும் ஹோஸில் கிளிப் போட்டு ஒப்பேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது தாங்காது.

மாட்டும்போது புது வாஷர்கள். நட்டை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றச் சொன்னார். பிறகு ஸ்பேனர். "இறுக்குங்க… இன்னுங் கொஞ்சம்…" என்றவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நடுக்கம் என் கை வழியாக ஸ்பேனர் வரை போனது. நான் கால் சுற்று தள்ளியதும், "போதுங் தம்பி. இதுக்கு மேல போனா மரை போயிரும்." நட்டை அவர் பார்க்கவே இல்லை. அந்த இடத்திலிருந்து அது தெரியவும் செய்யாது.

அப்புறம் காற்று எடுக்கும் வேலை. கார் கையேட்டில் போட்டிருந்த எண்ணெயையே ஊற்றி, இஞ்சினைப் போடாமல், முன் சக்கரங்கள் தூக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஒடிக்க வேண்டும். அதை நான் செய்கிறேன் என்று அவரே சீட்டில் ஏறிக்கொண்டார். நான் டப்பாவில் குமிழி வருவதைப் பார்த்து எண்ணெய் ஊற்றினேன். இருபது முறைக்கு மேல் ஒடித்திருப்பார். குமிழி நின்ற பிறகுதான் இஞ்சினைப் போட விட்டார். கன்றுக்குட்டிச் சத்தம் முதலில் கொஞ்சம் வந்து, நுரை அடங்க அடங்கக் குறைந்து நின்றது. கடைசிவரை ஒடித்தபடி நாலைந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, பம்ப் சூடாகிவிடும். அந்தக் கணக்கை அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

சத்தம் நின்ற பிறகும் அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். அண்ணி எதிர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை.

புது ஹோஸில் பம்பின் முனகல் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. கம்பனி ஹோஸின் ரப்பர் சற்று உப்பி அந்த அதிர்வை விழுங்கும், கம்பிப் பின்னல் விழுங்காது என்றார். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்தாயிற்று. இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்சார ஸ்டீயரிங்; அதில் எண்ணெயும் இல்லை, ஹோஸும் இல்லை.

ஐந்து ஞாயிறு பல்லடம் போய் வந்துவிட்டோம். அண்ணன் தினமும் காலை நடைக்குப் போகும்போது எங்கள் கேட்டில் நின்று, குனிந்து காருக்கு அடியில் ஒரு பார்வை பார்க்கிறார். தரை காய்ந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார்.