திரிகூட மலையில் ஒரு வேட்டைத் திட்டம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எண்ணெய், சீயக்காய், துண்டு ஆகிய மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை நாங்கள் நால்வர் புறப்பட்டபோது, அவற்றோடு ஒரு வேட்டைத் திட்டத்தையும் கொண்டு போனோம். நேயர்கள் திடுக்கிட வேண்டியதில்லை. எங்களில் ஒருவருக்கும் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. கொசுவைத் தவிர வேறு பிராணியைக் கொன்ற பாவமும் எங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைக்கு ஷிகாருக்கு வந்த துரை ஒருவர் எதையெல்லாம் யோசித்திருப்பார் என்று, மலையையே முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பது என்றுதான் தீர்மானம்.

முதல் பாடத்தைத் தென்காசிக் கோயில் வாசலிலேயே கற்றுக்கொண்டோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் அது. கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து புகுந்து வருகிற காற்று அல்லவா! யாத்திரிகருக்கு அது சுகம். வேட்டைக்காரருக்கோ அது சத்துரு. மிளாவுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. (மற்ற ஜில்லாக்காரர்கள் கடமான் என்பதைத் திருநெல்வேலிச் சீமையில் மிளா என்பார்கள்.) மனித வாடையைக் காற்று சுமந்து சென்றதோ, அன்றைய வேட்டை முடிந்தது. ஆகையால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்முகமாக நெருங்குவதே முதல் விதி.

இரண்டாவது விஷயம் காலம். நமக்கெல்லாம் குற்றால ஸீஸன் ஆனியிலும் ஆடியிலும். சாரல் பொழியும், அருவிகள் ஆரவாரிக்கும். வேட்டைக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. அடிச்சுவடுகளை மழை அழித்துவிடும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அட்டைகள் காலைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையில் எங்கேயோ பெய்த மழை, கீழே வெயிலில் நிற்பவனை அடித்துக்கொண்டு போய்விடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பலி கொண்டதை இந்தப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. மாசி, பங்குனியில் ஓடைகள் வற்றி, மிருகங்கள் மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி வரும். துரைமார்களுக்கு ஏற்ற காலம் அதுதான்.

அப்புறம் அனுமதி. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையை விதிகளுக்கு உட்படுத்தியது. லைசென்ஸ் பெற்று, தமக்கென்று ஒரு 'பிளாக்'கை ஒதுக்கி வாங்கிக்கொண்டு, பங்களா, சுமைகூலிகள், சமையற்காரர் என்று பரிவாரத்தோடு மலை ஏறவேண்டும். சிங்கம்பட்டி, சிவகிரி போன்ற ஜமீன் காடுகளானால் ஜமீன்தாரின் தயவு வேண்டும். சர்க்கார் காடு என்றால் பொதுஜனங்களின் காடு என்று அர்த்தமாகிவிடவில்லை. அனுமதியில்லாமல் விறகு வெட்டிய குடியானவன் குற்றவாளி. அனுமதியோடு மிளாவைச் சுட்டவர் விளையாட்டு வீரர்!

வேட்டைகளில் மிகவும் கடினமானது வரையாட்டு வேட்டை. சங்கப் புலவர்கள் வருடை என்று சொன்ன பிராணி அது. தெற்கே அகஸ்திய மலைத் தொடரிலும் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலும், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேருகிற உச்சிகளில் வசிக்கிறது. வயதான கிடாவுக்கு முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல வெளுத்திருக்கும். அந்தத் தலையைச் சுவரில் மாட்டுவதற்காகத் துரைமார்கள் நாள் கணக்கில் அலைந்தார்கள். மந்தை மேயும்போது ஒன்று காவல் நிற்கும். ஆனால் அது ஆபத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்தே எதிர்பார்க்கும். எனவே, வேட்டைக்காரர் விடியுமுன் வெகு தூரம் சுற்றி, ஆடுகளுக்கு மேலே போய்விட வேண்டும். அங்கிருந்து வயிற்றால் ஊர்ந்து இறங்க வேண்டும். இத்தனைக்கும் வழிகாட்டியவர் பெரும்பாலும் பளியரோ காணிக்காரரோ. புகைப்படத்தில் மட்டும் துரையின் காலடியில் ஆடு கிடக்கும். வழிகாட்டியவர் ஓரத்தில்கூட இருக்கமாட்டார்.

நம் ஊர் வேட்டைக்காரன் வேறு மாதிரி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான், துணைக்கு நூவன், கையில் கண்ணி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மனசு சிங்கியிடம் போய்விட்டது, பறவைகள் பறந்துவிட்டன. இந்த மலையில் தோற்றுப்போன வேட்டைகளில் இதைப்போல் இனிமையானது வேறு ஏது?

இப்போது அந்தத் துரையின் திட்டத்தில் ஒரு வரிகூடச் செல்லாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் வருஷத்துத் திருத்தமும் வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. புலியையோ வரையாட்டையோ கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. தெற்கேயுள்ள களக்காடு - முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. தென்காசிப் பக்கத்து மலைக்காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாயின. செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் நினைத்தபோது ஏறிவிட முடியாது, வனத்துறையார் தடுத்துவிடுவார்கள். எங்களையும் தடுத்தார்கள். மரியாதையாகத் திரும்பிப் புலியருவிக்குப் போனோம். அங்கே புலிக்குப் பதிலாகக் குழந்தைகள் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பழைய வேட்டைத் திட்டம் அப்படியே உயிரோடிருக்கிற இடம் ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டு வரையாடுகளை ஒரே சமயத்தில் எண்ணினார்கள். மலையைப் பிளாக்குகளாகப் பிரித்தார்கள். ஒரே தடத்தில் இரண்டு குழுக்கள், சற்று நேர இடைவெளி விட்டுப் போயின. ஒரு குழு கண்டதை மற்றொன்றுக்குச் சொல்லலாகாது. பிற்பாடு இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு, கண்ணில் படாதவை எத்தனை என்று மதிப்பிட்டார்கள். கோடை, விடியற்காலை, உச்சி ஏறுதல், மூச்சடக்கி நிற்றல் எல்லாம் வேட்டைக்காரர் செய்ததேதான். முடிவில் கையில் இருப்பது தோல் அல்ல, ஓர் எண். அந்த வருஷம் 1,031, 2025இல் 1,303. இந்த எண்ணைப் படித்தபோது எங்களுக்கு உண்டான சந்தோஷம், எந்தத் துரையின் சுவரிலும் தொங்கியிராது.

இதைச் சொல்லி மகிழ்ந்துகொண்டே வடகரைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் நுழைந்தோம். தோட்டக்காரர் பெரியவர். உட்காரச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். யானை வந்து மிதித்த இடத்தைக் காட்டினார். பன்றி கிளறிய இடத்தையும் காட்டினார். "2025 ஜனவரியில் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று சர்க்கார் உத்தரவு போட்டதே?" என்று கேட்டோம்.

"போட்டாவ அண்ணாச்சி. காட்டுலேருந்து மூணு கிலோமீட்டருக்கு அந்தாண்ட வந்தாத்தான் சுடலாமாம், அதுவும் ஆபீஸரு மாருதான். எந்தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடைதான் கெடக்கு. பன்னி எந்தோட்டத்தத் தாண்டி மூணு கிலோமீட்டரு நடந்து போயி, 'என்னயச் சுடுங்க'ன்னு நிக்குமா?"

இதற்கு எங்களில் சட்டம் படித்தவர்கூடப் பதில் சொல்லவில்லை. பெரியவரைச் சுடச் சொல்லிவிட முடியாது. அவரும் அதைக் கேட்கவில்லை. நஷ்டஈடு காலத்தில் கைக்கு வந்தால் போதும் என்றார். "அதுவும் ஜீவன்தான், எங்க போகும்?" என்று மலையைப் பார்த்தார்.

பொழுது சாய்ந்தது. தோட்டத்து மூலையில் நான்கு கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்த பரண் ஒன்று நின்றது. அன்று இரவு அதில் காவல். அவர் ஏணியில் ஏறினார். ஒரு டார்ச் விளக்கையும், ஒரு தகர டின்னையும், அதைத் தட்ட ஒரு கம்பையும் அவருடைய பேரன் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தான்.