மூணு மணிக்குக் கழட்டின மாஸ்க்

1/ நான் டாக்டர்தான். ஆனா ஸ்லீப் ஆப்னியா எனக்கும் உண்டு. ராத்திரி சிபாப் மாஸ்க் போட்டுத்தான் தூங்குறேன். ஆரம்பத்துல நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க.

2/ மூணு மணிக்கு பாத்ரூம் போக மாஸ்க்கைக் கழட்டுவேன். திரும்பி வந்து, "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே"ன்னு அப்படியே படுத்துடுவேன். ஒருநாள் காலையில சிக்னல்ல வண்டி நிக்கும்போதே கண் அசந்துட்டேன். பின்னாடி ஹாரன் அடிச்சப்புறம்தான் முழிச்சேன். பக்கத்து சீட்ல என் பொண்ணு.

3/ கனவு வரும் ரெம் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசைகள் இன்னும் தளரும். பலருக்கு மூச்சு அடைப்பும் அப்போதுதான் மோசமாகும். மாஸ்க் ரொம்பத் தேவைப்பட்ட நேரத்துலதான் நான் அதைக் கழட்டி வச்சிருந்தேன்.

4/ இன்னொன்று. மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறை இழுபட்டு, சிறுநீரை அதிகமாக்கும் ஹார்மோன் சுரக்கும். மாஸ்க்கை ஒழுங்கா போட்டாலே பலருக்கு இந்த எழுந்திருப்பு குறையும். குறையலைன்னா சர்க்கரை, புராஸ்டேட் பார்க்கணும்.

5/ இப்போ மாஸ்க்கைக் கழட்டுறதில்லை. குழாயை மட்டும் கழட்டிட்டுப் போயிட்டு வந்து மாட்டிக்கிறேன். காத்து வேகமா அடிச்சா ராம்ப் பட்டன். குறைந்த அழுத்தத்திலிருந்து மெல்ல ஏறும். வாய் வறண்டா ஹியூமிடிஃபையர். கரண்ட் போய் மெஷின் நின்னா மட்டும் மாஸ்க்கைக் கழட்டிடுங்க.

6/ உங்க வீட்ல யாராவது மாஸ்க்கைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கினா, எழுப்பி மாட்டச் சொல்லுங்க. திட்டுவாங்க. நானும் என் மனைவியைத் திட்டினேன். பரவாயில்லை, எழுப்புங்க.