சொல்லாமல் விட்ட பாதி

பட்டிமன்றத்தில் வென்ற கதையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படி வென்றேன் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஸ்பேஸ்எக்ஸின் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்த 2025ஆம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு கோயில் திருவிழா. ‘விண்வெளியை வெல்ல வல்லது அரசா, தனியாரா?’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்பதால் என்னைத் தனியார் அணிக்குத் தலைவராகப் போட்டார்கள். அரச அணியைத் தந்திருந்தாலும் அதே வேகத்தில் பேசியிருப்பேன். பட்டிமன்றத்தில் அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. நான் செய்தது வேறு.

அன்று மேடையில் ஒரு கணக்கைச் சொன்னேன். ஃபால்கன் 9 ரொக்கெட்டை நாசா தன் வழமையான முறையில் உருவாக்கியிருந்தால் ஏறத்தாழ 400 கோடி டொலர் போயிருக்கும் என்று நாசாவே 2011இல் மதிப்பிட்டது. ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியோ ஃபால்கன் 1, ஃபால்கன் 9 இரண்டையும் சேர்த்து 40 கோடிக்கும் குறைவான செலவில் உருவாக்கி முடித்தது. “பத்தில் ஒரு பங்கு!” என்று விரலை உயர்த்தினேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் எடுத்தது.

அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நான் குறிப்பெடுத்த அதே கொப்பியில், அடுத்த பக்கத்தில், இன்னொரு கணக்கும் என் கையெழுத்திலேயே இருந்தது. 2006 மார்ச்சில் ஃபால்கன் 1 முதல்முறை தோற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில், ஒரு ரொக்கெட்டைக்கூட ஒழுங்காக ஏவிக் காட்டாத அந்தக் கம்பனிக்கு 27 கோடிக்கு மேற்பட்ட டொலரை நாசா ஒதுக்கியது. பிறகும் இரண்டு தோல்வி. 2008 செப்டெம்பர் 28இல் நான்காவது முயற்சி வென்றது. அந்த டிசம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்ல 160 கோடி டொலர் ஒப்பந்தத்தை அதே நாசா கொடுத்தது. கம்பனி மூச்சு விட்டது அந்தப் பணத்தில். இவ்வளவையும் எழுதி, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘சொல்லக் கூடாது’ என்று குறித்து வைத்திருந்தேன். மறந்துபோனேன் என்று தப்ப முடியாது.

சென்னை அக்னிகுல் கம்பனியின் கதையையும் அப்படித்தான் அறுத்து எடுத்தேன். 2024 மே 30இல் அவர்களின் ரொக்கெட் பறந்தது. இயந்திரம் முழுவதும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவானது. “சென்னைப் பெடியள் தாங்களே ரொக்கெட் விட்டிட்டினம்!” என்றேன். மேடைக்கு முன்னிருந்த பெடியள் விசிலடித்தார்கள். அந்த ஏவுதளம் இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா வளவுக்குள்தான் இருக்கிறது என்பதையோ, கம்பனி வளர்ந்த சென்னை ஐஐடி மத்திய அரசின் நிறுவனம் என்பதையோ வாய் திறந்து சொல்லவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட் எங்கள் தீவுக்கு மேலால் போகாமலிருக்க வளைந்து போகிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. சின்ன ரொக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். அதற்காகத்தான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அரசின் காசில் எழும் தளம், தனியார் ரொக்கெட்டுகளுக்கும் உரியது. அன்றைய தலைப்புக்கு இதைவிடக் கிட்டடியில் ஓர் உதாரணம் கிடைக்காது. அது என் கட்சிக்கு உதவாது என்பதால் விட்டுவிட்டேன்.

இவற்றைவிட என்னைக் குத்துவது இன்னொன்று. எங்கள் ஊரில் ‘அரசு’ என்றதும் முகம் சுளிப்பவருக்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரிகூட வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் முன்வரிசையில் இருந்தது. “பற்றரியைத் தடுத்த அரசையா விண்வெளிக்கு நம்பச் சொல்கிறீர்கள்?” என்று எதிரணியைக் கேட்டேன். கொழும்பு போட்ட தடைக்கும் நாசாவின் ரொக்கெட்டுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. அந்தச் சனம் பட்ட காயத்தைத் தொட்டால் கைதட்டல் வரும் என்று தெரிந்தே தொட்டேன்.

கடைசியில் நடுவர் மாணவர்களின் கேள்விக்குச் சிறிது நேரம் ஒதுக்கினார். என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்று எழும்பியது. தகப்பன் பருத்தித்துறையில் கடற்றொழில்.

“சேர், எங்கடை அப்பாவின்ரை போட்டிலை இருக்கிற ஜிபிஎஸ் ஆற்றை காசிலை ஓடுது?”

அந்த ஒரு கேள்வியில் என் பேச்சு முழுதும் உடையும் என்று உடனே தெரிந்துவிட்டது. “அதை உம்மடை அப்பாட்டைக் கேளும்” என்றேன். சபை சிரித்தது. பிள்ளை இருந்துவிட்டது. கடற்றொழில் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பில் என்னவெல்லாம் கலந்திருந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. ஓர் ஆசிரியன் தன் மாணவிக்குச் செய்யக் கூடாததைச் செய்துவிட்டு, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு வீடு வந்தேன்.

அந்தப் பிள்ளைக்குரிய பதில் இதுதான். ஜிபிஎஸ் செய்மதிகள் அமெரிக்க இராணுவத்துக்காக, அந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் 1978இலிருந்து ஏவப்பட்டவை. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை முதலில் வேண்டுமென்றே குழப்பித்தான் விட்டார்கள். இடம் நூறு மீற்றர் வரை பிசகும். 2000 மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து, போட்ட வலையை இருட்டில் திரும்பப் பிடிக்கவும், எல்லை தாண்டாமல் கரை சேரவும் அந்தச் சமிக்ஞை உதவுகிறது. அதற்கென்று மாதக் கட்டணம் ஒருவரும் கேட்பதில்லை. படகிலிருக்கும் பெட்டியைச் செய்தது கம்பனி. போட்டி போட்டு விலையைக் குறைத்ததும் கம்பனிகள்தான். 2018இலிருந்து புதிய ஜிபிஎஸ் செய்மதிகளில் பலவற்றை ஏற்றிச் செல்வது ஸ்பேஸ்எக்ஸின் ரொக்கெட். அரசா, தனியாரா என்று நான் வெட்டிப் பிரித்த இரண்டும் அவளின் தகப்பனின் படகில் ஒன்றாகத்தான் இருந்தன.

அரச அணியில் இருந்திருந்தால் நேர்மையாகப் பேசியிருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். நாசா தன் பொறுப்பில் கட்டிய எஸ்எல்எஸ் ரொக்கெட்டும் ஓரியன் கலமும் ஒருமுறை பறக்க 410 கோடி டொலர் செலவாகும் என்று அதன் பரிசோதகர் நாயகமே 2022இல் அமெரிக்கக் காங்கிரஸில் சொன்னார். அந்த வரியைச் சுற்றியும் சிவப்பு வட்டம் விழுந்திருக்கும். 1977இல் போன வொயேஜரைப் போல, இலாபத்தின் வாசமே இல்லாத தூரத்துக்கு எந்த முதலாளியும் முதலில் காசு போடமாட்டார் என்பதை மட்டும் முழங்கியிருப்பேன். முதல் நட்டத்தை யார் தாங்கியது, பிறகு விலையை யார் குறைத்தது, நாளைக்கு இணைப்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று மூன்று கேள்வியாகப் பிரித்திருந்தால், கூரையில் ஸ்டார்லிங்க் தட்டு வைக்க யோசிக்கிறவருக்காவது உதவியிருக்கும்.

தனியார் பக்கம் அவ்வளவு ருசித்ததற்கு வேறு காரணமும் உண்டு. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து, சதம் கட்டாமல் பல்கலைக்கழகம் போய், அரச சம்பளம் எடுக்கிறவன் நான். பின்னேரத்தில் அதே பாடத்தை ரியூட்டரியில் காசுக்குப் படிப்பிக்கிறேன். அங்கே பெறுபேறு வந்தால் என் கெட்டித்தனம் என்று நோட்டீஸ் அடிப்பேன். பள்ளிக்கூடம் போட்ட அத்திவாரத்தைப் பற்றி ஒரு வரி வராது. தன் முயற்சியாலேயே எழும்பிய கம்பனி என்று மேடையில் நான் புகழ்ந்தபோது, என் நோட்டீஸைத்தான் உரத்து வாசித்தேன்.

அந்தப் பிள்ளை இப்போதும் என் வகுப்புக்கு வருகிறது. முன்போல் கேள்வி கேட்பதில்லை. வகுப்பில் எழுந்து நின்று, “பிள்ளை, அன்றைக்கு உம்மடை கேள்விதான் சரி, நான் தெரிந்துகொண்டே மறைத்தேன்” என்று சொல்ல இதுவரை எனக்குத் துணிவு வரவில்லை. பத்திரிகையில் எழுதுவது அதைவிடச் சுலபம். இதை வாசிப்பவர்களுக்கு நான் ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை, அவளுக்குத்தான் கடன்.