சொல்லப்படாத மன்னிப்பு

ஸ்கொலஸ்டிக் முகாசோங்காவின் ‘கரப்பான்பூச்சிகள்’ நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து முடித்த இரவு உறக்கம் வரவில்லை. முகாசோங்கா ருவாண்டாவின் டூட்சி இனத்தவர். 1994இல் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது குடும்பத்தினர் பலரை இழந்தவர். அந்த இழப்பை அவர் பிரெஞ்சில் எழுதினார். கொலைகளை நடத்தியவர்களின் ஆட்சிக்கு அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆயுதமும் பயிற்சியும் தந்த நாட்டின் மொழி அது. இந்த முரண் என்னை விடாமல் தொந்தரவு செய்தது.

மூலநூல் வெளிவந்த 2006ஆம் ஆண்டின் நவம்பரில்தான் ருவாண்டா பிரான்சுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. 1994இல் அதிபர் ஹப்யரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதற்கு ககாமேயின் தரப்பே பொறுப்பு என்று கூறி, ஒரு பிரெஞ்சு நீதிபதி அவருக்கு நெருக்கமான 9 பேர்மீது பிடியாணை பிறப்பித்திருந்தார். (அவ்வழக்கு 2018இல் கைவிடப்பட்டது.) தூதரகத்தோடு பிரெஞ்சுப் பள்ளியும் பண்பாட்டு மையமும் மூடப்பட்டன. 2008இல் பயிற்றுமொழியாக ஆங்கிலம் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்க வணிகமும், உகாண்டாவில் வளர்ந்து திரும்பியோரின் ஆங்கிலமும் அதற்குக் காரணங்கள்தாம். ஆயினும், ஒரு சிறிய நாடு வல்லரசிடம் அதன் மொழியைத் திருப்பிக் கொடுத்த செயலாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

2009இல் உறவு மீண்டது. ஆனால் பிசெசெரோ மலைகளை யார் மறப்பது? 1994 ஜூன் இறுதியில் பிரெஞ்சு வீரர்களைக் கண்டு, காப்பாற்றப்பட்டோம் என நம்பி மறைவிடங்களிலிருந்து வெளியே வந்தவர்களை விட்டுவிட்டு அவ்வீரர்கள் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டிருந்தனர்.

2021 மே 27 அன்று கிகாலியின் கிசோசி நினைவிடத்தில் மக்ரோன் பேசினார். பிரான்சின் பொறுப்பை ஏற்றார். உடந்தை என்பதை மறுத்தார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நேராகச் சொல்லவில்லை. அந்த இரவைக் கடந்தவர்களே ஒருவேளை மன்னிப்பை வழங்க முடியும் என்றார். அந்த உரை மன்னிப்பைவிட மேலானது, அது உண்மை என்று ககாமே வரவேற்றார். உயிர் தப்பியோர் அமைப்பின் தலைவரோ ஏமாற்றமே தெரிவித்தார்.

இருவரும் தத்தம் இடத்தில் சரியே என்று நினைக்கிறேன். நாட்டுக்குத் தூதுவரும் கடனுதவியும் தேவை. ஆகவே அரசு அந்த உரையை ஏற்கலாம். ஆனால் தாயைப் பறிகொடுத்த மகளின் சார்பாக எந்த அரசு ஏற்க முடியும்?

முகாசோங்கா ஏன் அந்த மொழியைக் கைவிடவில்லை என்பது இப்போது சற்று விளங்குகிறது. இறந்தவர்களின் பெயர்களை பாரீஸில் இருக்கும் வாசகரும் தம் சொந்த மொழியிலேயே படித்தாக வேண்டியிருக்கிறது.