சில்க்கா, சில்க்கியா?

இங்கிலீஷில் ஒரு 'ஒய்' என்ன விலை? காஞ்சிபுரத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சில ஆயிரங்களில் ஆரம்பம், மேலே போவது உங்கள் அதிர்ஷ்டம்.

'சில்க்' பெயர்ச்சொல். ஸாரிக்கு முன்னால் நின்றால் பெயரடை வேலையும் பார்க்கும். சில்க் ஸாரி என்றால் பட்டாலான சேலை. 'சில்க்கி' பிறவியிலேயே பெயரடை. பட்டு மாதிரி என்று மட்டும் அர்த்தம். ஷாம்பு விளம்பரக் கூந்தல்கூட சில்க்கிதான், அதில் யாரும் பட்டுப்பூச்சி வளர்க்கவில்லை! 'சாஃப்ட் சில்க்' நிஜப் பட்டாக இருக்கலாம். அதையே திருப்பி 'சில்க்கி சாஃப்ட்' என்றால் பர்ஸைப் பத்திரப்படுத்துங்கள்.

சுலபமான டெஸ்ட்: முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். வெரி சில்க்கி சரி. வெரி சில்க் கிடையாது. 'வெரி' ஒட்டாத சேலைதான் முகூர்த்தச் சேலை.

நடுவில் 'சில்க்கன்' என்று ஒருவர். ஒரு காலத்தில் பட்டாலானது என்று அர்த்தம், இப்போது கவிதைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். உட்டன், வுல்லன் எல்லாம் இன்னும் டூட்டியில் இருக்க, இவரும் கோல்டனும் வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டார்கள். 'கோல்டன் ஜரி' என்றால் தங்க நிறம், அவ்வளவுதான். அசல் ஜரிகையில் பட்டு நூல்மேல் வெள்ளி இழை சுற்றி, அதன்மேல் தங்க முலாம் இருக்கும்.

எல்லாரையும்விட ஆபத்தானது 'ஆர்ட் சில்க்'. என்னோடு பி.காம். படித்தவன், தங்கை கல்யாணத்துக்கு பி.எஃப். லோன் போட்டு வெளியூர்க் கடை ஒன்றில் பன்னிரண்டாயிரத்துக்குப் புடவை எடுத்து வந்தான். பில்லில் 'ஆர்ட் சில்க்'.

"ஆர்ட்னா கலைதானேடா? கைவேலை ஜாஸ்தின்னு சொன்னாங்க."

ஆர்ட் என்பது ஆர்ட்டிஃபிஷியலின் வெட்டுப்பட்ட தலை. செயற்கைப் பட்டை 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தவர் ஷார்டனே என்ற பிரெஞ்சுக்காரர் (அது சட்டென்று தீப்பிடிக்கும் என்பது வேறு விஷயம்). 1924-ல் அமெரிக்க வியாபாரிகள் அதற்கு 'ரேயான்' என்று கௌரவமாகத் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள். நாம்தான் கலையை விடவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளப் பெரியவரிடம் அழைத்துப்போனேன். ஓரத்தில் ஒரு இழை உருவி, தீக்குச்சி கிழித்தார்.

"பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும் தம்பி, சாம்பல் பொடிப்பொடியா உதிரும். இது காகிதமாட்டம் எரியுது பாரு."

"கொஞ்சமாவது பட்டு கலந்திருக்குமாய்யா?"

பெரியவர் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்துக் கொடுத்தார். "கலர் நல்லாருக்கு" என்றார்.

கடைக்காரனிடம் சண்டை போடவும் வழியில்லை. பில்லில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே! மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' லேபிள் 2004-லிருந்து இருக்கிறது, 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. இரண்டையும் கேட்டு வாங்க அரை நிமிஷம் போதும்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொன்னான்: "வீட்ல மூச்சு விடாதடா. அவ அதைத் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு நாளா கண்ணாடியை விட்டு நகரல."

தையில் கல்யாணம். அதே புடவைதான்.